நீருக்கடி ரோபோ: மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பது எப்படி?

வணக்கம். வெள்ளவத்தையில் தரம் 9, 10 பிள்ளைகளுக்கு ரோபோட்டிக்ஸ் படிப்பிக்கிறேன். இந்தத் தவணை நீருக்கடியில் ஓடும் ரோபோ. அமெரிக்காவில் மாணவர்கள் நீருக்கடி ரோபோ கட்டும் ‘சீபேர்ச்’ திட்டத்தின் மாதிரிதான்: பி.வி.சி. குழாயில் சட்டம், 12 வோல்ட் பற்றரி, மூன்று மோட்டார். இரண்டு முன்னே போகவும் திரும்பவும், ஒன்று ஏறி இறங்கவும்.

மிதப்பு சரிவந்துவிட்டது. மேலே ரிஜிஃபோம் துண்டு, கீழே இரும்பு நட்டுகள். வாளிக்குள் நடுவில் அப்படியே நிற்கிறது. (ஆர்க்கிமிடீஸ் பாடத்தை இனி நான் எடுக்கத் தேவையில்லை.)

சிக்கல் மோட்டாரில். சின்ன டப்பாவில் வைத்து மெழுகு ஊற்றி அடைக்கிறோம். மெழுகுதிரி மெழுகு இறுகியதும் வெடிக்கிறது. அச்சு வெளிவரும் துளையால் தண்ணீர் இறங்குகிறது. அமெரிக்காவில் இதற்குப் பாவிப்பது கொமட் பொருத்தும் மென்மெழுகு வளையம். புறக்கோட்டையில் கேட்டால் கடைக்காரர் முழிக்கிறார்.

வாசலின் கலந்தால் மெழுகு இளகி நிற்குமா? கிரீஸ் போதுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். படகில் நீர் இறைக்கும் பழைய பில்ஜ் பம்ப் மோதறை, நீர்கொழும்புப் பக்கம் மலிவாகக் கிடைத்தாலும் நல்லது. அதன் மோட்டார் ஏற்கெனவே அடைத்தே வரும்.

அப்புறம், ஒரு மணி நேரத்துக்கு நீச்சல் தடாகம் தரக்கூடியவர்கள் இருக்கிறீர்களா? காலிமுகத்திடல் கடலில் விடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். அந்த அலைக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.