அசத் அபிதியின் பேப்பர்களை எங்கிருந்து தொடங்குவது? டெயில் ஃபில்டர் ஏன் பலன் தரவில்லை?

சுருள்வில்:
வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் எல்.சி. ஆசிலேட்டர் (இண்டக்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த டேங்க் கொண்டது) டிசைன் செய்கிறேன். 180 நானோமீட்டர் சிமாஸ், 1.8 வோல்ட் சப்ளை, என்மாஸ் க்ராஸ்-கப்பிள்டு ஜோடி. டேங்க் இண்டக்டர் 2 நானோஹென்றி (டிஃபரென்ஷியல்), க்யூ (இழப்பு எவ்வளவு குறைவு என்ற அளவு) ஏறக்குறைய 10, டெயில் கரண்ட் (ஜோடியின் பொதுச் சோர்ஸ் வழியே போகும் மொத்தக் கரண்ட்) 2 மில்லிஆம்ப்.

யு.சி.எல்.ஏ. பேராசிரியர் அசத் அபிதியின் குழு (ஹெகாசி, ஷோலண்ட், அபிதி) 2001இல் சொன்ன டெயில் ஃபில்டரைச் சேர்த்தேன். சோர்ஸ் சந்திப்புக்கும் கரண்ட் சோர்ஸுக்கும் நடுவே 3.7 நானோஹென்றி, கரண்ட் சோர்ஸுக்குக் குறுக்கே 10 பிகோஃபாரட். 10 கிலோஹெர்ட்ஸ் ஆஃப்செட்டில் (மைய அதிர்வெண்ணிலிருந்து அவ்வளவு தள்ளி) ஃபேஸ் நாய்ஸ், அதாவது அலையின் நேர ஆட்டம், துளியும் குறையவில்லை. 1 மெகாஹெர்ட்ஸில் 1 டிபிகூடத் தேறவில்லை. அவர்களோ 1.1 ஜிகாஹெர்ட்ஸில், 3 மெகாஹெர்ட்ஸ் ஆஃப்செட்டில் மைனஸ் 153 டிபிசி/ஹெர்ட்ஸ் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று: இவருடைய பேப்பர்கள் ஏராளம். எந்த வரிசையில் படித்தால் தலைவால் புரியும்?

ஓம்விதி:
முதலில் ஆம்ப்ளிட்யூடைப் பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 2 நானோஹென்றியின் ரியாக்டன்ஸ் 30 ஓம். க்யூ 10 என்றால் டேங்கின் பேரலல் ரெசிஸ்டன்ஸ் 300 ஓம். டிஃபரென்ஷியல் பீக் ஆம்ப்ளிட்யூட் என்பது டெயில் கரண்ட், அந்த ரெசிஸ்டன்ஸ் இரண்டின் பெருக்கத்தில் 0.64 பங்கு. உங்களுக்கு 0.38 வோல்ட் வரும்.

180 நானோமீட்டரில் த்ரெஷோல்டு வோல்டேஜ் 0.45 வோல்ட் அளவில் இருக்கும். கேட்டுக்கும் ட்ரெய்னுக்கும் இடையே அதைத் தாண்டினால்தான் ட்ரான்சிஸ்டர் ட்ரையோடுக்கு (வெறும் ரெசிஸ்டர்போல நடந்துகொள்ளும் நிலைக்கு) போகும். உங்கள் சர்க்யூட்டில் அது போகவே இல்லை. டெயில் ஃபில்டருக்கு இரண்டு வேலை. கரண்ட் சோர்ஸிலிருந்து இருமடங்கு அதிர்வெண்ணில் (உங்களுக்கு 4.8 ஜிகாஹெர்ட்ஸ்) வரும் நாய்ஸை அந்த 10 பிகோஃபாரட் கிரவுண்டுக்கு அனுப்புகிறது. ட்ரையோடில் விழுந்த ட்ரான்சிஸ்டர் டேங்கைக் கிரவுண்டோடு பிணைத்து க்யூவைத் தின்னாமல் அந்த இண்டக்டர் தடுக்கிறது. பெரிய லாபம் இரண்டாவதில்தான் இருக்கிறது. தின்னவே ஆளில்லாத இடத்தில் காவல் போட்டால் என்ன மிஞ்சும்?

டெயில் கரண்டை 4 மில்லிஆம்ப் ஆக்குங்கள், பீக் 0.77 வோல்ட் ஆகும். பிறகு ஃபில்டரோடும் இல்லாமலும் ஒப்பிடுங்கள். ஒப்பிட வேண்டிய ஆஃப்செட் 1 முதல் 3 மெகாஹெர்ட்ஸ்.

10 கிலோஹெர்ட்ஸ் கதை வேறு. அங்கே ஆள்வது டெயில் ட்ரான்சிஸ்டரின் ஃபிளிக்கர் நாய்ஸ் (அதிர்வெண் குறையக் குறைய ஏறும் நாய்ஸ்). அது ஆம்ப்ளிட்யூடை ஆட்டுகிறது, வராக்டர் (வோல்டேஜால் மதிப்பு மாறும் கெபாசிட்டர்) அந்த ஆட்டத்தை அதிர்வெண் ஆட்டமாக மாற்றுகிறது. இருமடங்கு அதிர்வெண்ணில் ட்யூன் செய்த ஃபில்டருக்கு இதில் வேலையே இல்லை. வராக்டரைச் சிறிதாக்கி, மீதி ட்யூனிங்கை ஸ்விட்ச் போட்ட கெபாசிட்டர் பேங்குக்கு விடுங்கள். டெயில் ட்ரான்சிஸ்டரின் சேனல் நீளத்தையும் கூட்டுங்கள்.

சிமுலேட்டரில் பீநாய்ஸ் (நாய்ஸ் கணக்கிடும் அனாலிசிஸ்) செட்டிங்கையும் சரிபாருங்கள். சைட்பேண்ட் எண்ணிக்கையை 1, 2 என்று வைத்தால், இருமடங்கு அதிர்வெண்ணிலிருந்து மடிந்து விழும் நாய்ஸில் ஒரு பகுதி கணக்கிலேயே வராது. குறைந்தது 10 வையுங்கள்.

சரிவுமானி:
படிக்கும் வரிசை பற்றி. இம்பீரியல் காலேஜில் 1976இல் பட்டம், பெர்க்லியில் 1981இல் முனைவர், 1984 வரை பெல் லேப்ஸ், 1985 முதல் யு.சி.எல்.ஏ. என்று ஓடுகிற வாழ்க்கை அபிதியுடையது. இதில் தலைப்புகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் அடியில் ஓடும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு சர்க்யூட் ஸ்விட்ச் ஆகும் அந்தக் கணத்தில் நாய்ஸ் என்ன செய்கிறது?

எனவே 1983இல் ராபர்ட் மேயரோடு சேர்ந்து எழுதிய ரிலாக்சேஷன் ஆசிலேட்டர் (கெபாசிட்டரை நிரப்பிக் காலிசெய்து ஓடுவது) நாய்ஸிலிருந்து தொடங்குங்கள். வேவ்ஃபார்ம் த்ரெஷோல்டைக் கடக்கும் நேரம் எவ்வளவு ஆடும்? நாய்ஸ் வோல்டேஜை, கடக்கும் இடத்தில் உள்ள சரிவால் வகுத்தால் அதுதான் ஜிட்டர். சரிவு செங்குத்தானால் ஜிட்டர் குறையும்.

அடுத்து நேரே 2000க்குத் தாவுங்கள்: தராபியோடு எழுதிய மிக்சர் (சிக்னலின் அதிர்வெண்ணை மாற்றும் சர்க்யூட்) நாய்ஸ். கில்பர்ட் மிக்சரில் ஸ்விட்ச் ட்ரான்சிஸ்டரின் ஃபிளிக்கர் நாய்ஸ் பேஸ்பேண்டுக்கு எப்படி வருகிறது என்ற கேள்விக்கு, பக்கம் பக்கமாக இண்டக்ரல் போடாமல் விடை சொன்னார்கள். அவுட்புட் நாய்ஸ் கரண்ட் என்பது 4 பெருக்கல் பயாஸ் கரண்ட் பெருக்கல் நாய்ஸ் வோல்டேஜ், அதை எல்.ஓ.வின் (மிக்சரை ஸ்விட்ச் செய்யும் லோக்கல் ஆசிலேட்டரின்) சரிவு, பீரியட் இரண்டின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 1983இன் அதே சரிவுதான். டிசைனுக்கு வேண்டிய மூன்று வழியும் இந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும்: எல்.ஓ. ஸ்விங்கைக் கூட்டு, ஸ்விட்ச் வழியே போகும் கரண்டைக் குறை, ட்ரான்சிஸ்டர் பரப்பைக் கூட்டு. மூன்றாவதில் கண்ணி ஒன்று உண்டு. பரப்பு கூடினால் சோர்ஸ் சந்திப்பின் கெபாசிட்டன்ஸும் கூடும், அதன் வழியே மறைமுகமாக நாய்ஸ் ஏறும். பாசிவ் மிக்சரில் டி.சி. கரண்ட்டே கிடையாது என்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிகிறது.

இதற்குப் பிறகு உங்கள் 2001 பேப்பரைத் திறங்கள். க்ராஸ்-கப்பிள்டு ஜோடியையும் ஒரு மிக்சராகவே பாருங்கள், டெயில் கரண்ட் அதன் இன்புட். ஃபில்டர் ஏன் இருமடங்கு அதிர்வெண்ணில் என்பது தானே விளங்கும். 2006 ரிங் ஆசிலேட்டர் ஜிட்டர் பேப்பரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

டைரக்ட் கன்வர்ஷன் (ரேடியோ சிக்னலை ஒரே படியில் பேஸ்பேண்டுக்கு இறக்கும் முறை) பற்றிய 1995 பேப்பர் தனிக் கிளை. ரிசீவர் எழுதப் போகிறவர்கள் அதைத் தவிர்க்கக் கூடாது.

சில்லுமண்:
மேலே சொன்ன வரிசை தியரிக்கு நல்லது. ஆனால் சிமாஸ் ரேடியோ என்ற துறைக்கு அவர் பெயர் நிலைத்தது 1993இல் சாங், கைட்டனோடு செய்த இண்டக்டர் வேலையால்தான். அதை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும்.

அன்றைய நிலை: சிலிக்கானில் பெரிய ஸ்பைரல் (சுருள் இண்டக்டர்) போட்டால் அடியில் உள்ள சப்ஸ்ட்ரேட்டோடு கெபாசிட்டன்ஸ், அதற்குள்ளேயே ரெசிஸ்டிவ் லாஸ். இவர்கள் சாதாரண டிஜிட்டல் 2 மைக்ரோமீட்டர் ப்ராசஸில் ஸ்பைரலை வரைந்து, அதன் அடியில் இருந்த சிலிக்கானை அரித்து எடுத்துவிட்டார்கள். ஸ்பைரல் ஆக்சைடுக்குள் அந்தரத்தில் நிற்கும். 100 நானோஹென்றி, செல்ஃப் ரெசொனன்ஸ் 3 ஜிகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் மிச்சமிருக்கும் பாரசிட்டிக் கெபாசிட்டன்ஸ் வெறும் 28 ஃபெம்டோஃபாரட்! அதை வைத்து 770 மெகாஹெர்ட்ஸில் 14 டிபி கெயின், 6 டிபி நாய்ஸ் ஃபிகர், 3 வோல்ட்டில் 7 மில்லிவாட் கொண்ட ஆம்ப்ளிஃபையர். அதே பாதையில் 1998இல் 1 மைக்ரோமீட்டர் சிமாஸில் 900 மெகாஹெர்ட்ஸ் ட்ரான்சீவர் ஒரே சில்லில் வந்தது.

அரிக்கும் வேலை நிலைக்கவில்லை. தடித்த மேல் மெட்டலும், ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த கோடு போட்ட கிரவுண்ட் ஷீல்டும் பெரும்பாலான தேவைக்குப் போதுமானவை ஆகிவிட்டன. ஸ்பைரல் அடியில் ஷீல்டு போடும்போது கோடுகள் சுருளின் கரண்டுக்குச் செங்குத்தாக ஓட வேண்டும், வளையமாக மூடவே கூடாது. மூடினால் எடி கரண்ட் ஓடி க்யூ விழும்.

ஒரு மாற்றுக் கருத்தும் சொல்லிவிடுகிறேன். குட்டிச் சேனல் ட்ரான்சிஸ்டரில் தெர்மல் நாய்ஸ் மூன்றில் இரண்டு என்ற பழைய காரணியைவிட வெகுவாக ஏறுகிறது என்ற அபிதியின் 1986 அளவீட்டை இன்றும் அப்படியே எடுத்துக் கையாளுகிறார்கள். 2003இல் ஃபிலிப்ஸ் குழு அளந்தபோது அவ்வளவு ஏற்றம் தெரியவில்லை. கைக்கணக்குக்கு 1 என்று வைத்துக்கொண்டு, மீதியை ஃபவுண்ட்ரி மாடலிடம் விடுவதே என் யோசனை.

சுருள்வில்:
எல்லோருக்கும் நன்றி. 4 மில்லிஆம்ப்பில் ஃபில்டரின் பலன் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் டெயில் இண்டக்டரை ஸ்வீப் செய்தால் ஃபேஸ் நாய்ஸ் 2.6 நானோஹென்றியில்தான் மிகக் குறைவு. சோர்ஸ் சந்திப்பில் 0.3 பிகோஃபாரட் என்று கணக்கிட்டுத்தான் 3.7 வைத்தேன். ஏன் தள்ளிப்போகிறது? இரண்டாவது ஸ்பைரலுக்கு லேஅவுட்டில் இடமும் நெருக்கடி.

ஓம்விதி:
2.6 நானோஹென்றி 4.8 ஜிகாஹெர்ட்ஸில் ஒத்திசைய 0.42 பிகோஃபாரட் வேண்டும். நீங்கள் சோர்ஸ் ஜங்ஷனை மட்டும் எண்ணியிருப்பீர்கள். இரண்டு ட்ரான்சிஸ்டரின் கேட்-சோர்ஸ் கெபாசிட்டன்ஸும் டேங்கின் வழியே கிரவுண்டுக்குப் போய் இதோடு சேரும், ஸ்பைரலின் சொந்தக் கெபாசிட்டன்ஸும் சேரும். இவை ஒவ்வொரு சுழற்சியிலும் மாறிக்கொண்டே இருப்பதால், கைக்கணக்கைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்து ஸ்வீப்பை நம்புங்கள். லேஅவுட் எக்ஸ்ட்ராக்ஷனுக்கு (வரைந்த லேஅவுட்டின் பாரசிட்டிக்குகளைக் கணக்கெடுப்பதற்கு) பிறகு மறுபடி ஸ்வீப் செய்யுங்கள், உகந்த இண்டக்டன்ஸ் இன்னும் கீழே இறங்கும்.

இடம் இல்லையென்றால் 2015இல் மர்ஃபி, தராபி முதலானோர் காட்டிய வழி: இரண்டாவது ஸ்பைரலே வேண்டாம், டேங்கின் காமன்-மோடு (இரு முனைகளும் ஒன்றாக ஏறி இறங்கும்) ரெசொனன்ஸையே இருமடங்கு அதிர்வெண்ணுக்குக் கொண்டுவரலாம். சென்டர்-டேப் வைத்த சுருளின் இரு பாதிகளுக்கு இடையே கப்ளிங் 0.6 இருந்தால், கெபாசிட்டர்களை எல்லாம் இரு முனைகளிலிருந்தும் கிரவுண்டுக்கு வைத்தாலே விகிதம் 2 ஆகிவிடும். கப்ளிங் 0.4 என்றால் ஒவ்வொரு முனையிலும் உள்ள கெபாசிட்டரைப்போல் 0.36 மடங்கு மதிப்புள்ள இன்னொன்றை முனைகளுக்குக் குறுக்கே கூடுதலாகப் போடுங்கள்.

சென்டர்-டேப்பிலிருந்து சப்ளைக்குப் போகும் கம்பியின் இண்டக்டன்ஸ் காமன்-மோடில் முழுசாகச் சேரும், டிஃபரென்ஷியலில் சேராது. டீகப்ளிங் கெபாசிட்டரை டேப்பை ஒட்டியே வைத்து, அதன் கிரவுண்ட் முனையை டேங்க் கெபாசிட்டர்களின் கிரவுண்டோடு குறுகிய, அகலமான மெட்டலில் இணையுங்கள். எக்ஸ்ட்ராக்ஷனிலும் இந்த வளையத்தைச் சேர்த்தே இ.எம். (மின்காந்த) சிமுலேஷன் ஓட்டுங்கள்.