ஸ்பிரிண்ட்டுக்குள் பயனர் ஆய்வு: திருகோணமலை மென்பொருள் குழுக்களில் எது ஓடுகிறது, எது முறிகிறது

கச்சான்காற்று:
"இரண்டு வார ஸ்பிரிண்ட்டில் ஆய்வுக்கு எங்கே நேரம்?" இந்தப் பேச்சு இல்லாத குழு இல்லை. ஸ்பிரிண்ட் என்பது குறித்த வேலையைக் கட்டி முடிக்கும் குறுகிய சுற்று; ஆய்வு என்பது செயலியைப் பாவிப்பவரோடு உட்கார்ந்து, அவர் பாவிப்பதைப் பார்ப்பது. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் நேரத்தைத் தின்பது ஆய்வு அல்ல, ஆள் தேடுவது. ஒருவரோடு உட்காருவது 45 நிமிடம். நாலு பேர், இடையில் 15 நிமிட இடைவெளி என்றால் ஒரு காலைப்பொழுதில் முடியும். ஆனால் அந்த நாலு பேரைக் கண்டுபிடித்து, நேரம் பேசி, கடைசி நேரத்தில் வராதவருக்குப் பதில் ஆள் பிடிக்க ஒரு வாரம் போய்விடும்.

ஆகவே தலைப்பு முடிவாகும்வரை காத்திருக்க வேண்டாம். திகதியை முதலில் குறியுங்கள். ஒன்றுவிட்ட புதன்கிழமை ஆட்கள் வருவார்கள், அவ்வளவுதான். எதைக் காட்டுவது என்பதைத் திங்கட்கிழமை தீர்மானித்தால் போதும். ஐந்து பேருக்குச் சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமையை விடுங்கள், ஜும்ஆவும் கோயிலும் பகலைப் பிரித்துவிடும். போயா (பௌர்ணமி விடுமுறை) வேலைநாளில் விழும் ஸ்பிரிண்ட்டில் பத்து வேலைநாள் ஒன்பதாகும் என்பதையும் திட்டமிடும்போதே பாருங்கள்.

அடுத்தது வரிசை. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தில் நடைமுறைப்படுத்தி 2007இல் எழுதப்பட்ட முறை இன்றும் பலர் பின்பற்றுவது: டெவலப்பர் இந்த ஸ்பிரிண்ட்டைக் கட்டும்போது, டிசைனர் அடுத்த ஸ்பிரிண்ட்டுக்கு வரைகிறார், அதற்கும் அடுத்ததற்குத் தகவல் சேர்க்கிறார், முந்தையதில் கட்டியதைப் பயனரிடம் கொடுத்துப் பார்க்கிறார். பெரிய குழுவுக்கு இது சரி. ஒரே ஒரு டிசைனர் இருக்கும் குழுவில் மூன்று வேலையும் ஒரு தலையில் விழும், முதலில் கழன்றுபோவது தகவல் சேர்ப்பதுதான். அப்படியான இடத்தில் வரைவதைத்தான் குறைக்க வேண்டும். முழு அழகோடு திரை வரையாமல், டெவலப்பரோடு வெள்ளைப் பலகையில் கீறி முடியுங்கள். அந்த நேரம் பயனருக்குப் போகட்டும்.

மூதூர்த்துறை:
அண்ணை, நாலு பேர், ஐந்து பேர் என்பதில் ஒரு கவனம் வேண்டும். ஐந்து பேர் போதும் என்ற கணக்கை ஜேக்கப் நீல்சன் 2000இல் பரப்பினார். ஒரு சிக்கல் ஒருவருக்குத் தட்டுப்படும் வாய்ப்பு 31 வீதம் என்று எடுத்தால், ஐந்து பேரில் ஏறத்தாழ 85 வீதச் சிக்கல்கள் வெளிவரும். எல்லாரும் ஐந்தைப் பிடித்துக்கொண்டு 31ஐ விட்டுவிட்டார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கே வரும் சிக்கல் என்றால், ஐந்து பேரிடம் அது தென்பட 41 வீத வாய்ப்புத்தான். 85 வீதம் உறுதி வேண்டுமென்றால் 18 பேர் வேண்டும். பணம் கைமாறும் திரைக்கு ஐந்தோடு நிற்காதீர்கள்.

இன்னொன்று, அந்தக் கணக்கு ஒரே மாதிரியான ஆட்களுக்குத்தான். மீன் விலை பார்க்கும் செயலி ஒன்றை எடுப்போம். திருக்கடலூரில் வள்ளம் வைத்திருப்பவர், கிண்ணியாவில் மொத்தமாக எடுப்பவர், சிங்களத்தில் பாவிக்கும் ஐஸ் லொறிக்காரர். இவர்கள் மூன்று கூட்டம். கூட்டத்துக்கு இருவர் என்று கலந்து எடுத்தால் ஒரு கோலமும் தெரியாது. ஸ்பிரிண்ட்டுக்கு ஒரு கூட்டம் என்று சுற்றி வந்தால் ஆறு வாரத்தில் மூன்றும் முடியும்.

ஸ்பிரிண்ட் போன்ற சிறு சுற்றுகளில் மென்பொருள் கட்டும் போக்குக்கு அஜைல் என்று பெயர். 2001இல் 17 பேர் எழுதிய அஜைல் அறிக்கை வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்யச் சொல்கிறது. ஆனால் அந்த மீன் விலைச் செயலிக்குக் காசு கட்டுவது மீனவர் சங்கம் என்று வைத்தால், பாவிப்பது வள்ளக்காரர். கட்டியதைக் காட்டும் டெமோவுக்கு வந்து தலையாட்டுவது சங்கத்துச் செயலாளர். அந்தத் தலையாட்டலைப் பயனரின் கருத்தாக எடுப்பதுதான் அதிகமாக நடக்கும் பிழை.

உப்புவெளி:
களத்துக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம்.

தோணி கரை தட்டி மீன் ஏலம் போகும் நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், தள்ளி நின்று பாருங்கள். யார் போனை எடுக்கிறார், எதற்கு எடுக்கிறார், யாரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். விற்று முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பேசலாம். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் ஆட்கள் கரையில் இருப்பார்கள், பிடிப்பது லேசு. ஆனால் அப்போது கிடைப்பது ஞாபகத்திலிருந்து சொல்வது, கண்ணால் கண்டது அல்ல. இரண்டையும் ஒரே எடையில் வைக்க வேண்டாம்.

ஈரக் கை. இன்றைய தொடுதிரைகள் விரலின் மின்னேற்றத்தை உணர்பவை. உப்புத் தண்ணீர் பட்டால் தொடாத இடத்தைத் தொட்டதாக எடுக்கும். அலுவலகக் குளிரூட்டியில் நூறு தடவை சோதித்தாலும் இது வராது. "உறுதிசெய்", "நீக்கு" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் கரையில் அரைமணித்தியாலத்தில் வெளிச்சமாகும். நடு வெயிலில் சாம்பல் நிற எழுத்தும் அப்படித்தான், காணாமலே போய்விடும்.

கேள்வியில் பொத்தானின் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். "விலை எச்சரிக்கையைப் போடுங்க" என்றால் அந்தச் சொல்லைத் தேடி அழுத்துவார். "அறுக்குளா விலை ஏறினா உங்களுக்குத் தெரியவரணும், என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடி மனதுக்குள் பத்து எண்ணுங்கள். "நல்லா இருக்கா நானா?" என்று கேட்டால் மூதூரிலோ கிண்ணியாவிலோ யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். வீடு தேடி வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று "நல்லா இருக்கு தம்பி" என்பார்கள். "கடைசியா எப்ப விலை கேட்டீங்க, யாரிட்ட கேட்டீங்க?" என்பதில்தான் சரக்கு இருக்கிறது.

தேடல் பெட்டியில் மீன் பெயரைத் தமிழ் எழுத்திலும் அடிப்பார்கள், ஆங்கில எழுத்தில் தமிழாகவும் அடிப்பார்கள். இரண்டுக்கும் விடை வர வேண்டும்.

வெந்நீரூற்று:
வீணைக் குறைக்கும் லீன் முறையின் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் அதைச் சொல்கிறேன். டொயோட்டாவிலிருந்து வந்த அடிப்படை, பாவனைக்குப் போகாமல் தேங்கும் எதுவும் வீண் என்பது. ஆய்வில் தேங்குவது குறிப்பு. நாலு பேரின் குறிப்பு பிரிக்கப்படாமல் கிடக்க, அடுத்த நாலு பேரைக் கூப்பிடுவது களஞ்சியத்தை நிரப்புவதுதான். புதன் காலை பார்த்தால் புதன் பின்னேரமே குழுவோடு இருந்து பிரித்து முடியுங்கள். இரண்டு மணித்தியாலம் போதும். பார்க்க வந்த டெவலப்பர் அந்த மேசையில் இருந்தால் ரிப்போர்ட்டே தேவையில்லை. நாற்பது பக்க ரிப்போர்ட் எழுதி முடிக்கும்போது அந்தத் திரை வெளியாகிவிட்டிருக்கும்.

லீன்காரர் சொல்லும் "கட்டு, அள, கற்றுக்கொள்" என்ற சுற்றில் "அள" என்பது ஏ-பி சோதனை, அதாவது இரண்டு வடிவங்களை வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடுவது, என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்துவோர் 10 வீதத்திலிருந்து 12 வீதமாக உயர்ந்தார்களா என்று வழமையான நம்பகத்தோடு சொல்ல, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 3,800 பேர் வேண்டும். மாவட்டம் ஒன்றுக்குள் ஓடும் செயலிக்கு அது மாதக்கணக்கில் எடுக்கும். நமக்கு ஆளைப் பார்த்துப் பேசுவதே மலிவு.

திருத்தும் வேகத்துக்கு மைக்ரோசொஃப்ட் விளையாட்டுப் பிரிவினர் 2002இல் எழுதிய முறை உதவும். காரணமும் திருத்தமும் வெளிப்படையாக இருந்தால், அடுத்த ஆள் வருமுன்பே திருத்திவிடுவது. காரணம் தெரிந்தும் திருத்தம் பெரிதென்றால் வேலையைத் தொடங்கிவிட்டு, தயாரானதும் அடுத்து வருபவரிடம் கொடுப்பது. காரணமே பிடிபடாவிட்டால் கைவைக்காமல் இன்னும் ஆட்களைப் பார்ப்பது. பிழை விடும் இடம் இந்த மூன்றாவது. ஒருவர் தடுமாறியதைக் கண்டதும் பதற்றத்தில் திரையை மாற்றி, அடுத்தவரை வேறு இடத்தில் தடுமாறவைப்பார்கள். இந்த முறைக்கு டெவலப்பர் அறையிலேயே இருக்க வேண்டும், முடிவெடுக்கக்கூடியவரும் இருக்க வேண்டும்.

கச்சான்காற்று:
ஒன்று விடுபட்டது. வருகிறவர் அரைநாள் தொழிலை விட்டு வருகிறார், அந்தக் கூலியைக் குழுவின் செலவுக் கணக்கில் முதலிலேயே போடுங்கள். பதிவு செய்வதென்றால் எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதைத் தமிழில், அவர் கையில் கொடுத்து, வாசித்துக் காட்டி ஒப்புதல் எடுங்கள்; 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அழிக்கும் திகதியைப் பேக்லொக்கில் (குழுவின் வேலைப் பட்டியலில்) ஒரு டிக்கெட்டாகவே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் அழிப்பதில்லை.