தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே அளவு மயக்க மருந்து

கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மா:

ஆறு வயது மகளுக்கு ரொன்சில் எடுக்க நாள் குறித்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்தான் என் அப்பாவுக்குக் குடலிறக்க ஒப்பரேசன் முடிந்திருந்தது. என் அம்மா மயக்க டொக்டரைக் கண்டவுடனே, "சின்னப் பிள்ளை, மருந்தைக் குறைச்சுப் போடுங்கோ" என்று கெஞ்சினார். டொக்டர் கோபப்படவில்லை. கடதாசித் துண்டு ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

புரோப்போபோல் என்று பால் போல வெள்ளையாக ஒரு மருந்து. தூங்கவைக்க, வளர்ந்தவருக்குக் கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டரை மில்லிகிராம் வரை போதும். மகளின் வயதுப் பிள்ளைக்கு இரண்டரை முதல் மூன்றரை வரை வேண்டும். மகள் 20 கிலோ. கிலோவுக்கு மூன்று என்று பெருக்கினால் 60 மில்லிகிராம். அப்பா 60 கிலோ, ஆனால் வயது எழுபதுக்கு மேல். அந்த வயதில் கிலோவுக்கு ஒன்று, ஒன்றரைக்கு மேல் தேவைப்படாது. அவருக்கும் 60இல்தான் தொடங்குவார்களாம்! அம்மா துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிள்ளையின் உடம்பில் நீரின் பங்கு கூட. நிறைக்கு ஏற்பப் பார்த்தால் இதயம் ஓட்டும் இரத்தமும் கூட. அதனால் மருந்து விரைவாகப் பரவி, மூளையை விட்டும் விரைவாகப் போய்விடுகிறது. வயதானவரில் எல்லாமே மெதுவாக நடக்கும், மூளையும் கொஞ்ச மருந்துக்கே அடங்கிவிடும். இதை யாராவது முதலே சொல்லியிருந்தால் அம்மா இரண்டு இரவு நித்திரை முழித்திருக்க மாட்டார்.

ஓய்வுபெற்ற தியேட்டர் தாதி ஒருவர்:

தங்கச்சி, உங்கள் டொக்டர் சொன்னது சரி. முகமூடியில் கொடுக்கும் செவோபுளூரேன் வாயுவிலும் இதே கதைதான். வெட்டும்போது பாதிப்பேர் அசையாமல் கிடக்கத் தேவையான செறிவை வைத்து அதன் வலுவை அளப்பார்கள். பிறந்த குழந்தைக்கு அது 3.3 வீதம், நாற்பது வயதில் 2.1, எண்பதில் 1.4.

ஆனால் "குழந்தை என்றால் கூடத்தான் வேண்டும்" என்று இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வலிக்குக் கொடுக்கும் மோர்பின் மருந்தைப் பாருங்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தையின் ஈரல் அதை உடைக்க இன்னும் பழகவில்லை. மருந்து உடம்பிலேயே தங்கி மூச்சை அமுக்கிவிடும். அங்கே மிகக் குறைவாகக் கொடுத்து, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு வயதுக்கும் கணக்கு வேறு.

எல்லாக் கணக்கும் நிறையில்தான் தொடங்குகிறது. கிளினிக் கொப்பியில் இருக்கும் பழைய நிறையைச் சொல்லாதீர்கள். செருப்பு, தடித்த உடுப்பு எல்லாம் கழற்றி அன்றைக்கே நிறுக்கச் சொல்லிக் கேளுங்கள். அவசரத்தில் நிறுக்க முடியாவிட்டால் வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்குவது உண்டு, ஆறு வயதுக்கு 20 வரும். ஆனால் எங்கள் ஊரில் ஆறு வயதில் 15 கிலோப் பிள்ளைகளையும் நான் தூக்கியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு 20 கிலோவுக்கான மருந்து போனால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

நெடுந்தீவில் இருந்து ஒரு அப்பா:

எங்களுடையது பல். மகனுக்கு நாலு வயது, 14 கிலோ, நாலு சொத்தைப் பல். குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ் என்று வருவதால், நாலையும் ஒரே நாளில் பிடுங்கிவிடச் சொல்லி மன்றாடினேன். பல் டொக்டர் மறுத்துவிட்டார். விறைக்க வைக்கும் லிக்னோகெயினில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற கணக்கை வைத்திருக்கிறார். மகனுக்கு அது கிட்டத்தட்ட 62. அவர் போடும் சின்னக் குழாய் ஒன்றிலேயே 36 இருக்கிறது, இரண்டு முழுதாகப் போட்டால் 72. வளர்ந்தவருக்கு இரண்டு குழாய் ஒன்றுமே இல்லை. கூடினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் குழம்பலாம் என்றார்.

அன்றைக்கு ஒரு பக்கத்தில் இரண்டு பல்லை மட்டும் எடுத்தார். மற்றப் பக்கத்துக்கு அடுத்த கிழமை திரும்பவும் படகேறினோம். அந்த டொக்டர் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.