'டர்ன் டேக்கிங்': கலைச்சொல் தேவை, திங்களுக்குள்

அன்புள்ள குழுவினருக்கு,

ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. வகுப்பில் யார் பேசுவது, அடுத்து யார், அதை யார் தீர்மானிப்பது என்பதற்கெல்லாம் அடியாக நிற்கும் 'டர்ன் டேக்கிங்'கில் (ஒருவர் பின் ஒருவராகப் பேசுவது) மாட்டிக்கொண்டேன். 'பேச்சுமுறை மாற்றம்' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர், "பேசும் விதத்தை மாற்றச் சொல்கிறீர்களா?" என்று ஓரத்தில் எழுதிவிட்டார். தப்பு அவருடையதல்ல, 'கற்பித்தல் முறை' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியவன் நான்தான்.

— ம., திருச்சி

தம்பி,

கையில் வெண்ணெய் இருக்க ஏன் அலைகிறீர்கள்? 'ஊழ்' என்றாலே முறைதான். ஊழ், பால், முறை, நியதி, விதி எல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று பரிமேலழகர் எழுதியிருக்கிறார். 'உரையூழ்' என்க. ஊழேற்றல், ஊழீதல், ஊழ்மாற்று என்று ஆக்கங்களும் தாமே வரும். பூ மலர்வதும் ஊழ்த்தல்தான். கற்றதை விரித்துச் சொல்லத் தெரியாதவரை, கொத்தாக ஊழ்த்தும் மணமில்லாத மலர் என்கிறது 650ஆம் குறள். உங்கள் வகுப்பறையே அதில் இருக்கிறது!

— புலவர் க.

புலவர் ஐயா,

குறள் அருமை. ஆனால் 'உரையூழ்' என்று அச்சில் பார்த்தால் எங்கள் ஆசிரியர்கள் தலையெழுத்து என்றுதான் படிப்பார்கள். (42 பிள்ளைகளை ஆங்கிலம் பேசவைப்பது தலையெழுத்துதான், அது வேறு விஷயம்.)

டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம் என்று என் வகுப்பில் வைத்திருக்கிறேன். முன்பெஞ்சில் மூன்று பேர் 'மிஸ், மிஸ்' என்று எழுந்து நிற்பது கொஞ்சம் அடங்கியது. போன வாரம் டஸ்டர் கடைசிபெஞ்சுப் பெண் ஒருத்தியிடம் போனது. அதைப் பாவாடையில் தட்டித் தட்டி மடியெல்லாம் சாக்பீஸ் தூள். நான் வாயை மூடிக்கொண்டு மூன்று எண்ணினேன். 'மை கோட் நோ ஈட்டிங்' என்றாள், அவள் ஆடு தின்னவில்லையாம். இந்த வருஷம் அவள் பேசிய முதல் ஆங்கிலம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு வினாடி அளவுதான் பொறுக்கிறார்கள், மூன்று வினாடி பொறுத்தால் விடை நீள்கிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். டஸ்டரைப் பிடுங்கும்போது பிள்ளைகள் சொல்வது, "என் சான்ஸ்டா!" ஆகவே 'பேச்சு வாய்ப்பு'.

— ஆசிரியை, திண்டுக்கல்

'முறை'யை ஏன் கைவிட வேண்டும்? எங்கள் பக்கம் 'இன்னைக்கு எங்க முறை' என்றால் தண்ணீர்தான். முறைப்பாசனம் தெரியாத விவசாயி உண்டா? ஆசிரியர் மடை திறப்பவர். கடைசிபெஞ்சு, கடைமடை, முன்மடைக்காரன் குடித்தது போகத்தான் அங்கே. 'மடையன்' என்ற சொல்லே மடை திறந்தவனிடமிருந்து வந்தது என்பது என் கருத்து.

— ஓய்வுபெற்ற பொறியாளர், தஞ்சை

'மட' என்றால் அறியாமை. மடையன் அங்கிருந்து வந்தவன். அணைக்கட்டு வரை போக வேண்டாம்.

— புலவர் க.

ஐயாமார் சண்டை பிடிக்க வேண்டாம். தண்ணீர் உவமை வகுப்புக்குப் பொருந்தும், உரையாடலுக்குப் பொருந்தாது. உரையாடலை ஆராய்ந்த சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் சொன்னது இது: பேசுபவர் அடுத்தவரைக் குறிக்கலாம்; குறிக்காவிட்டால் யாரும் தாமே தொடங்கலாம்; எவரும் தொடங்காவிட்டால் பேசியவரே தொடரலாம். வயல் தானே எழுந்து தண்ணீரை எடுக்குமா? மடையை ஆசிரியரே வைத்திருப்பதுதான் வகுப்பின் வேறுபாடு. 'வாய்ப்பு'ம் முழுதாகச் சரியில்லை. வாய்ப்பை வேண்டாம் என்று விடலாம். ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டால் பிள்ளை பேசியே ஆக வேண்டும்.

— யாழ்ப்பாணத்திலிருந்து ந.

ஆசிரியர் கேட்பது எந்த வினா என்று யாரும் கேட்கவில்லையே! நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்தே மாணவனைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. அறியாமல் கேட்பது அறியாவினா.

— புலவர் க.

புலவர் ஐயா, நீங்கள் சுற்றி வளைத்ததில் எனக்கு ஒன்று கிடைத்தது. விடை தெரிந்தே ஆசிரியர் கேட்கும் 'டிஸ்பிளே கொஸ்டின்' என்பதற்கு நான் 'காட்சி வினா' என்று அசட்டுத்தனமாகப் போட்டிருந்தேன். 11 இடங்களிலும் 'அறிவினா' என்று மாற்றிவிட்டேன்.

மற்றதற்கு, தனிமடல்களையும் சேர்த்து 'பேச்சு வாய்ப்பு' பக்கம் ஐந்து பேர், 'பேச்சுமுறை' பக்கம் மூன்று பேர், 'உரையூழ்' பக்கம் ஒருவர். ந. சொன்ன குறை அப்படியே நிற்கிறது. இருந்தாலும் வாய்ப்பு அளித்தல், வாய்ப்பு எடுத்தல் என்றே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்தது 31ஆம் பக்கம். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அதற்கு என்ன சொல்வது? நாளைக் காலைக்குள் வேண்டும். ஊழ் வேண்டாம், ஐயா.

— ம.

'உடனூழ்'.

— புலவர் க.