என் லேப்டாப்பில் கூகுள் லாகின் ஓடுகிறது, நண்பன் லேப்டாப்பிலும் மேடம் போனிலும் எரர் 10. யாராவது உதவுங்கள்

விடுதிவாசி:
வணக்கம். கணினித்துறை மூன்றாம் ஆண்டு. நாங்கள் மூன்று பேரும் துறை மேடமும் சேர்ந்து விடுதிக்கு ஒரு அவுட்பாஸ் ஆப் செய்துகொண்டிருக்கிறோம். ஆப் எழுத ஃப்ளட்டர், லாகினுக்கும் டேட்டாவுக்கும் கூகுளின் ஃபயர்பேஸ். போன வருட சீனியர்கள் பாதியில் விட்டதை மேடம் எங்கள் கையில் கொடுத்தார். மாணவன் போனில் கேட்பான், வார்டன் ஓகே கொடுப்பார், கேட்டில் வாட்ச்மேன் க்யூஆர் ஸ்கேன் செய்வார், அவ்வளவுதான் ஆப்.

என் லேப்டாப்பில் பில்ட் செய்து போனில் ஏற்றினால் லாகின் ஜம்மென்று ஆகிறது. அதே கோடிங்கை நண்பன், நாங்கள் அதைப் போட்டு வைத்திருக்கும் கிட்ஹப்பிலிருந்து இழுத்து, ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஏற்றினால், மெயில் ஐடி கேட்கும் பெட்டி வருகிறது, தொட்டதும் மறைந்துவிடுகிறது, எரர் பதிவில் 'ஏபிஐ எக்ஸெப்ஷன்: 10' என்று மட்டும் நிற்கிறது. ப்ளே ஸ்டோரில் க்ளோஸ்டு டெஸ்டிங்கில் (நாங்கள் சேர்த்தவர்களுக்கு மட்டும்) போட்டு மேடம் இறக்கினார், அவர் போனிலும் இதே கதை. வெள்ளிக்கிழமை ரிவ்யூ.

கீபோர்டுதட்டி:
பழைய பில்ட்டைத் துடைக்க ஃப்ளட்டர் க்ளீன் அடித்து, ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

விடுதிவாசி:
மூன்று தடவை செய்தாச்சு அண்ணா. நண்பன் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையே அழித்துப் போட்டுவிட்டான், பாவம்.

பழையஏபிகே:
தம்பி, கோடிங்கை விடு, அதில் தப்பு இல்லை. ஃபயர்பேஸை முதலில் யார் லேப்டாப்பில் செட் செய்தீர்கள்?

விடுதிவாசி:
ஏப்ரலில் சீனியர் அண்ணன் ஒருவர் போவதற்கு முன் என் லேப்டாப்பில்தான் உட்கார்ந்து எல்லாம் செய்து கொடுத்தார்.

பழையஏபிகே:
அப்படியானால் அதுதான். கூகுள் லாகின் உன் ஆப்பை இரண்டு விஷயத்தால் அடையாளம் காண்கிறது: பேக்கேஜ் பெயர் (ஆப்பின் தனி ஐடி), அப்புறம் ஆப்பில் கையெழுத்துப் போட்ட சாவியின் எஸ்எச்ஏ-1, அதாவது அந்தச் சாவியின் கைரேகை மாதிரி. நீ டெஸ்டுக்கு ஓட்டும்போது போடப்படும் டீபக் சாவியை ஒவ்வொரு லேப்டாப்பும் தானே உருவாக்கிக்கொள்ளும், ஆக உன்னுடையது வேறு, நண்பனுடையது வேறு. சீனியர் உன்னுடையதை மட்டும் ஃபயர்பேஸில் சேர்த்திருக்கிறார், மற்றவனைப் பார்த்து கூகுள் 'நீ யார்?' என்கிறது. எரர் 10 என்றால் பெரும்பாலும் இந்த விவகாரம்தான். நண்பனை ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் போய் பில்ட் செய்யும் கருவியான கிரேடிலின் சைனிங் ரிப்போர்ட்டை ஓட்டச் சொல், இரண்டிரண்டு எழுத்தாக 20 ஜோடி வரும், அதை ஃபயர்பேஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் சேர்த்தால் முடிந்தது. மேடம் போனுக்கு வேறு ஒன்று சேர்க்க வேண்டும், முதலில் இதை முடி.

விடுதிவாசி:
அங்கேதான் இடிக்கிறது அண்ணா. ஃபயர்பேஸ் ப்ராஜெக்ட் சீனியரின் கல்லூரி மெயிலில் இருக்கிறது. அவர் பாஸ் அவுட் ஆனதும் அந்த மெயிலை நிறுத்திவிட்டார்கள். போன் செய்தேன், பெங்களூரில் வேலை, 'என்னாலேயே உள்ளே போக முடியலடா' என்கிறார். எங்களில் யாருக்கும் அனுமதி இல்லை.

கீபோர்டுதட்டி:
புது ஃபயர்பேஸ் ப்ராஜெக்ட் போட்டுவிடுங்களேன், பத்து நிமிட வேலை.

பழையஏபிகே:
செய்து பார், உன் லேப்டாப்பே மாட்டும். ஒரே பேக்கேஜ் பெயரும் ஒரே எஸ்எச்ஏ-1ம் சேர்ந்த ஜோடி ஒரு ப்ராஜெக்டில்தான் இருக்க முடியும், அது பழையதில் உட்கார்ந்திருக்கிறது. பேக்கேஜ் பெயரை மாற்றலாம் என்றால், ப்ளேயில் ஏற்றியாகிவிட்டது, அந்த ஆப்புக்கு இனி மாற்ற முடியாது. பழைய டேட்டாவும் போகும்.

சாக்பீஸ்:
நான் வேறொரு கல்லூரியில் ஆசிரியர். இதே பள்ளத்தில் நானும் விழுந்து எழுந்தவன். அந்த மெயிலை நிறுத்தி மட்டும் வைத்திருந்தால் உங்கள் சிஸ்டம் அட்மினால் மறுபடி திறக்க முடியும். அழித்திருந்தால் 20 நாள்தான் அவகாசம், அதனால் இன்றே கேளுங்கள். மாணவன் போய்க் கேட்டால் நடக்காது, மேடம் ஒரு கடிதம் எழுதி எச்ஓடி கையெழுத்தோடு போகட்டும். திறந்ததும் சீனியர் உள்ளே வந்து மேடத்தின் மெயிலை ஓனராகச் சேர்க்க வேண்டும், எடிட்டர் போதாது.

இன்னொன்று, ப்ளே ஸ்டோரில் ஆப்பை ஏற்றும் ப்ளே கன்சோலின் பாஸ்வேர்டு உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.

விடுதிவாசி:
இருக்கிறது சார். ஓடிபி மேடம் போனுக்குப் போகும். போன வாரம் அவர் பரீட்சை ஹாலில் இருந்தார், போன் ஸ்டாஃப் ரூமில், நாங்கள் மூன்று பேரும் வெளியே வராந்தாவில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

சாக்பீஸ்:
எதிர்பார்த்தேன். கன்சோலிலேயே உங்கள் மெயிலை யூசராகச் சேர்த்து, டெஸ்டிங்கில் வெளியிடும் அனுமதி மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு மேடத்தோடு இருக்கட்டும். ப்ளேயில் ஏற்றும்போது கையெழுத்துப் போடும் அப்லோடு சாவிக் கோப்பு யார் லேப்டாப்பில் இருக்கிறதோ, அதன் பிரதியைத் துறை டிரைவில் போடுங்கள். தொலைந்தால் புதிது கேட்டு வாங்கலாம், ஆனால் ரிவ்யூ வாரத்தில் அந்த அலைச்சல் வேண்டாம்.

விடுதிவாசி (புதன் இரவு):
மெயில் திறந்துவிட்டார்கள்! எச்ஓடி கையெழுத்துக்குத்தான் ஒரு நாள் போனது. மேடம் இப்போது ஓனர். நண்பன் லேப்டாப்பில் லாகின் ஆகிறது. மேடம் போனில் மட்டும் இன்னும் 10. ப்ளே கன்சோலிலிருந்து எஸ்எச்ஏ-1 எடுத்துத்தான் சேர்த்தேன்.

பழையஏபிகே:
ஆப் சைனிங் பக்கத்தில் இரண்டு சான்றிதழ் இருக்கும். எதை எடுத்தாய்? அப்லோடு சாவி என்றால் அது நீ கூகுளுக்கு அனுப்பும்போது போடும் கையெழுத்து. கூகுள் அதைக் கழற்றிவிட்டு, தன்னிடம் இருக்கும் ஆப் சைனிங் சாவியால் மறுபடி கையெழுத்திட்டுத்தான் மேடத்துக்கு அனுப்புகிறது. அந்த மற்றொன்றைச் சேர். புது பில்ட் ஏற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுத்து முயற்சி செய்.

விடுதிவாசி:
அப்லோடு சாவியைத்தான் எடுத்திருந்தேன் 🤦 மாற்றிப் போட்டேன், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மேடமே போன் செய்து 'உள்ளே போயிடுச்சு' என்றார். நன்றி அண்ணா, நன்றி சார்.

கடைசியாக ஒரு கேள்வி. மேடம் கணக்கு தனிநபர் கணக்கு, இந்த வருடம் 25 டாலர் கட்டித் திறந்தது. ஆப்பை எல்லோருக்கும் வெளியிடும் முன் க்ளோஸ்டு டெஸ்டிங்கில் 12 டெஸ்டர் 14 நாள் இருக்க வேண்டுமாமே, எங்களிடம் சரியாக 12 பேர். போதுமா?

சாக்பீஸ்:
போதாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 14 நாளும் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும், நடுவில் ஒருவன் விலகினால் 11. நிறுவனக் கணக்குக்கு இந்த விதி இல்லை, ஆனால் அதற்கு டன்ஸ் எண் (நிறுவனங்களுக்குத் தரும் அடையாள எண்) வேண்டும், உங்கள் அலுவலகத்தில் அது இந்த செமஸ்டரில் நடக்காது. வகுப்பு முழுவதையும் சேருங்கள்.

விடுதிவாசி:
சேர்த்தாச்சு சார், 41 பேர், வாட்ச்மேன் அண்ணன் உட்பட. அவர் போனில்தான் க்யூஆர் கேமரா கறுப்பாக நிற்கிறது. ரிவ்யூ முடிந்ததும் அதைக் கேட்கிறேன்.