கியூபெக் பிரெஞ்சோடு என் முதல் குளிர்காலம்

பாரிஸ் லாச்சப்பலில் பல வருடம் இருந்துவிட்டுத்தான் கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன்றியல் வந்தோம். கியூபெக்கில் பேசுவது கொச்சைப் பிரெஞ்சு என்று சிலர் சொல்வதுண்டு. ஆனாலும் பிரெஞ்சு தெரியும்தானே, பாஷைக் கஷ்டம் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. எண்பதைத் தாண்டியவர், கியூபெக்கின் சாகுனே பக்கத்தில் பிறந்தவர். "உன் ஷார் எங்கே நிற்கிறது?" என்றார். பாரிஸில் ஷார் என்றால் யுத்த டாங்கி! அவர் கேட்டது காரை. கதவைப் பூட்டச் சொன்னபோது, குறுக்குக்கட்டை போட்டு அடைத்த காலத்துச் சொல்லான 'பாரே'யைச் சொன்னார். 'நான்' என்று அழுத்திச் சொல்ல பாரிஸில் 'ம்வா' என்போம். அவர் வாயில் அது 'ம்வே'. காத்திருந்த நேரமெல்லாம் அவர் கதைத்துக்கொண்டே இருந்தார், எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

பிறகுதான் இந்தப் பேச்சின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். 1608இல் பிரெஞ்சுக் கடலோடி ஷாம்ப்ளேன் கியூபெக் நகரை நிறுவினார். பிரான்சின் நார்மண்டி, புவாத்து, பெர்ஷ் என்று பல பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஆளுக்கொரு வட்டார வழக்கு. 1663க்கும் 1673க்கும் இடையில் அரசர் பதினான்காம் லூயி ஏறக்குறைய 800 இளம் பெண்களைக் குடியேற அனுப்பினார். அவர்களில் நிறையப் பேர் பாரிஸ் பக்கத்தவர்கள். பிள்ளைகள் தாயின் பேச்சைத்தானே பிடிப்பார்கள்? பிரான்சின் கிராமங்கள் இன்னும் தங்கள் வட்டார வழக்குகளிலேயே பேசிக்கொண்டிருந்தபோது, இங்கே பொதுப் பிரெஞ்சு ஊன்றிவிட்டது.

1763இல் கனடா பிரிட்டன் கைக்குப் போனது. பிரான்சோடு போக்குவரத்து அறுந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அங்கே 'ம்வா' நாகரிகமாகி, அரசவையிலேயே புழங்கிய 'ம்வே' பட்டிக்காட்டுப் பேச்சாகிவிட்டது. இங்கே இருந்தவர்களிடம் அதை மாற்றச் சொல்ல யாரும் இல்லை. இதைப் போய்க் கொச்சை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

எல்லாமே பழையது என்றும் இல்லை. காருக்கு ஷார் என்பது கார் வந்த பிறகு பிறந்த வழக்கு. ஆங்கிலேய முதலாளிகளின் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் வழியாக ஆங்கிலச் சொற்களும் ஏராளமாகப் புகுந்தன. 1977இல் கியூபெக்கின் மொழிச் சட்டமான 101ஆம் சட்டம் வந்தபின் குடியேறிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். என் மகளும் அப்படித்தான். பாரிஸில் 'மார்டி' என்கிற செவ்வாய்க்கிழமையை இங்கத்தைய பாணியில் 'மார்ட்ஸி' என்பாள். பாரிஸ் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு நான் 1663இலிருந்து கதையைத் தொடங்குவேன்.