உருமறைப்பா, கரையுடைப்பா? மினியேச்சர் சீருடைக்கு ஒரு சொல்

பாளையங்கோட்டையிலிருந்து:

மினியேச்சர் போர்வீரர்களுக்கு வண்ணம் அடிக்கும் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். 'கேமஃபிளாஜ்' வந்த இடமெல்லாம் உருமறைப்பு என்று போட்டாயிற்று. சீருடைத் துணியில் அச்சிட்ட திட்டுத் திட்டான அந்த வடிவத்துக்கும் அதே சொல்தானா? "உருமறைப்பின் மேல் உருமறைப்பை அடிக்கவும்" என்கிற மாதிரி வாக்கியங்கள் வந்து நிற்கின்றன. மறைவண்ணம் என்று மாற்றலாமா? அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

மறைவண்ணம் வேண்டாம் தம்பி. மறைப்பது மட்டும் அதன் வேலை இல்லை. 1917இல் நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர் சொல்லி, பிரிட்டிஷ் கப்பல்களுக்குக் கறுப்பு, வெள்ளை, நீலம் என்று கோணல் பட்டைகள் அடித்தார்கள். கப்பல் பளிச்சென்று தெரியத்தான் செய்தது. அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதுதான் நீர்மூழ்கிக்காரனுக்குப் பிடிபடக் கூடாது. துணியிலும் இதே கதைதான். தோள், கை, தொடை என்று கண் தொடர்ந்து போகும் ஓரத்தை அங்கங்கே அறுத்துவிடுகிறார்கள்.

சொல் சரியாக அமைந்தால் தூரிகைக்கும் வழி தெரியும். புதிதாக அடிப்பவர்கள் தொடை நடுவில் ஒன்று, முதுகு நடுவில் ஒன்று என்று தோசை ஊற்றினாற்போலத் திட்டு வைக்கிறார்கள். ஓரம் முழுக்க அடிநிறமே ஓடுவதால் உருவம் முன்னைவிடத் துலக்கமாகிவிடுகிறது. திட்டு ஓரத்தைத் தாண்டி மறுபக்கம் வளைந்து இறங்க வேண்டும். அதனால் கரையுடைப்பு என்கிறேன். குளத்துக்கும் கரை உண்டு, வேட்டிக்கும் கரை உண்டு.

வீரவநல்லூரிலிருந்து:

கரையுடைப்பு என்றால் ஐப்பசி மழைச் செய்தி மாதிரி இருக்கிறதே அண்ணாச்சி! விளிம்புடைப்பு ஆகாதா?

இன்னொன்று. திட்டு தாண்ட வேண்டியது உடம்பின் ஓரத்தை, தையலை அல்ல. துணியை முதலில் அச்சிட்டு அப்புறம்தான் வெட்டித் தைக்கிறார்கள். ஆகவே சட்டைக் கை உடலோடு சேரும் தையலில் ஒரு திட்டு பாதியில் நிற்கும். அந்தப் பக்கம் வேறொன்று தொடங்கும். பாக்கெட் மூடி அடியில் உள்ள துணியோடு பொருந்தவே பொருந்தாது. பாக்கெட்டின் மேலாக ஒரே திட்டை இழுத்துவிட்டால் சட்டையின் மேல் சித்திரம் வரைந்ததுபோல் ஆகிவிடும். முன்பக்கம், கை, பாக்கெட் மூடி ஒவ்வொன்றையும் தனித் துண்டாக எண்ணி அடியுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தையல் விஷயம் முழுக்கச் சரி, கையேட்டில் அப்படியே போடலாம். ஆனால் விளிம்புடைப்பை வேகமாகப் படிப்பவர் 'விளிம்பு புடைப்பு' என்றுதான் வாசிப்பார். பொம்மையில் பொத்தான், மடிப்பு எல்லாம் நிஜமாகவே புடைப்பு. வம்பு எதற்கு? மழைச் செய்தி நினைவு வந்தால் வரட்டும். நீண்டு கிடக்கும் ஒரு கோடு ஓரிடத்தில் அறுந்து போவதைத்தானே உடைப்பு விழுந்தது என்கிறோம்.

வகைகளுக்குச் சொல் தேட வேண்டியதே இல்லை. ஜெர்மன் ராணுவம் 1931இல் கூடாரத் துணிக்குக் கொண்டுவந்தது சில்லு; பாண்டி ஆடும் ஓட்டுச்சில்லு போல நேர்விளிம்பு, கூர்முனை. அதன் மேல் விழும் சின்னப் பச்சைக் கீறல்கள் மழைக்கோடு. பிரிட்டிஷ் பாராசூட் படையின் டெனிசன் மேலங்கி தீற்று. ஆரம்பத்தில் அந்தத் துணிக்கு அகலத் தூரிகையால் கையாலேயே சாயம் போட்டார்கள். ஆகவே தேய்ந்த தூரிகையால் இழுத்து, வால் பிசிறிப் போனால் அதுதான் அசல். வியட்நாம் போர்க்காலத்தது புலிவரி. களக்காட்டுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அப்படியானால் நோக்கத்துக்கு உருமறைப்பு, வடிவத்துக்குக் கரையுடைப்பு. புதிய சொல்லை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தோம்:

"அடிநிறத்தைச் சரிபாதி தண்ணீர் கலந்து இரண்டு பூச்சாக அடிக்கவும். கரையுடைப்புக்கு இரண்டு பங்கு அக்ரிலிக், ஒரு பங்கு தண்ணீர்; இன்னும் நீர்த்தால் திட்டு மடிப்புக்குள் வழிந்துவிடும். நம் வெயிலில் மிக மெல்லிய 000 எண் தூரிகை ஆகாது, பொம்மையைத் தொடுமுன்பே முனையில் வண்ணம் காய்ந்துவிடும். கூர்முனை கெடாத 0 அல்லது 1 போதும். வண்ணத் தட்டுக்கு, மூடியுள்ள டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர். அசலில் 10 செ.மீ. திட்டு 1/35 அளவில் ஏறக்குறைய 3 மி.மீ., 1/72இல் 1.4 மி.மீ. 1/72இல் கணக்கை அப்படியே பிடிக்காமல் திட்டுகளைக் குறைத்துப் பெரிதாக்கவும். இல்லையென்றால் ஒரு முழம் தள்ளிப் பார்க்கும்போது பச்சையும் பழுப்பும் கலந்து சேற்று நிறமாகி, கரையுடைப்பே இருக்காது. மழைக்கோட்டை 1/72இல் விட்டுவிடலாம். மேட் வார்னிஷை மழை நாளில் ஸ்பிரே செய்தால் வெள்ளை பூத்துவிடும்; ஆடிக் காற்றில் செய்தால் தூசி ஒட்டும்."

மடிப்பு இடுக்குகளில் இறங்க விடும் நீர்த்த வண்ணம், அதாவது 'வாஷ்' என்பதற்கு ஊறல் என்று போட்டிருக்கிறோம், சரியா?

வீரவநல்லூரிலிருந்து:

ஊறலா! 500 லிட்டர் சாராய ஊறல் அழிப்பு என்று பேப்பரில் வருவதுதான் ஞாபகம் வரும். இடுக்குச்சாயம் என்று மாற்றுங்கள். அளவையும் சேர்த்துவிடுங்கள்: ஒரு பங்கு கரும்பழுப்புக்கு எட்டுப் பங்கு தண்ணீர். கறுப்பு வேண்டாம், பச்சையும் பழுப்பும் ஒன்றுபோல் மங்கிவிடும். தேங்கிய இடத்தை அரை நிமிடத்துக்குள் துடைத்த தூரிகையால் உறிஞ்சாவிட்டால் காய்ந்ததும் வளையம் விழும்.

வண்ணத்தைத் துடைத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்க்கும் 'டிரை பிரஷ்' என்பதற்கு உலர்தீற்று என்றுதானே முன்பு பேசி வைத்திருந்தோம்? தீற்று இப்போது டெனிசனுக்குப் போய்விட்டது. அதற்கு வேறு பார்க்க வேண்டும்.